வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்னால்

"அக்கா, வீட்டைப் பையன் பேருக்கே எழுதி வச்சுட்டா நிம்மதியாப் போயிடும்ல?"

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆலுவா தோட்டக்காட்டுக்கரையில் குடியேறியதிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். கேட்பவர்கள் பெரும்பாலும் இங்குள்ள நம் தமிழ் ஆட்கள். ஏலூர் ஃபாக்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள், மட்டாஞ்சேரியில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்கள், கணவர் போன பிறகு தனியாக இருக்கும் பெண்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒரே பதில். எழுதிக் கொடுக்காதீர்கள், உயில் எழுதுங்கள். எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பத்திரத்தில் இன்ன வாசகம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று விளக்க அரை மணி நேரம் பிடிக்கிறது. நேரில் வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

நம்மிடம் இருக்கும் சொத்து எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். திருச்சி சேஷசாயி சகோதரர்கள் 1943இல் தொடங்கிய ஃபாக்ட் உரத் தொழிற்சாலையை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்த குடும்பங்கள் பல. பி.எஃப். பணம் வந்ததும் மூன்று சென்ட், ஐந்து சென்ட் என்று வாங்கி ஓட்டு வீடு கட்டினார்கள். பிறகு மாடி எடுத்தார்கள். மட்டாஞ்சேரிக் குடும்பங்களின் கதை இன்னும் பழையது. ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் தோபிகானாவில் துணி வெளுக்கும் நம் மக்கள், தங்கள் முன்னோரை டச்சுக்காரர்கள் அழைத்து வந்தார்கள் என்று சொல்வார்கள். எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் சொத்து என்பது ஒரு வீடு, ஒரு வைப்புத் தொகை, கொஞ்சம் நகை. அவ்வளவுதான். பத்து வீடு வைத்திருப்பவர் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு மீதி ஒன்பதில் இருந்துகொள்வார். ஒரே வீடு வைத்திருப்பவர் போடும் ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

கேரளத்தில் இந்தக் கையெழுத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. தனநிச்சய ஆதாரம், இஷ்டதானம் என்பார்கள். தமிழ்நாட்டில் தானசெட்டில்மெண்ட் என்பது இதுதான். ஆதாரம் (பத்திரம்) எழுதுகிறவர் சொல்லும் காரணங்கள் கேட்கச் சரியாகவே இருக்கும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைக் கட்டணம் குறைவு. நீங்கள் போன பிறகு பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். மகள் வீட்டுக்காரர்கள் வந்து வழக்குப் போட மாட்டார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. பத்திரம் பதிவான அன்றே வீடு மகனுடையது. வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பெயர் மாற்றம்) முடிந்து கரம் (நிலவரி) அவர் பெயரில் அடைக்கத் தொடங்கிவிட்டால், காகிதத்தைப் பொறுத்தவரை நீங்கள் அந்த வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளி. மனம் மாறிவிட்டது என்று நீங்களாகவே போய் ரத்து செய்ய முடியாது.

கடன் பிரிவில் உட்கார்ந்தவள் என்பதால் இதன் அடுத்த கட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். மகன் தொழிலுக்குக் கடன் கேட்டு வருகிறார். வங்கி பார்ப்பது மூல ஆதாரம், கரம் அடைத்த ரசீது, வில்லங்கச் சான்று, கைவசச் சான்று. நான்கும் அவர் பெயரில் சுத்தமாக இருக்கும். அம்மாவுக்கு அந்த வீட்டில் உரிமை உண்டு என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் வக்கீல் கருத்துரையில் அது வந்துவிடும். அம்மாவையும் கையெழுத்துக்குக் கூப்பிடுவோம். வரி இல்லையென்றால் அம்மா எங்கள் கணக்கிலேயே இல்லை. கடன் அடைபடாமல் போய், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டும்போதுதான், உள்ளே எழுபத்தெட்டு வயதில் ஒருவர் இருக்கிறார் என்பது வங்கிக்குத் தெரியவரும். இதற்கு மகன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. தொழில் நொடித்தால் போதும். அவர் முன்னதாக இறந்துபோனாலும் போதும்; வீட்டின் பெரும்பங்கு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விடும். பிள்ளை நல்லவன்தான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் பிள்ளையை நான் சந்தேகப்படவில்லை. அவருடைய கடனையும் ஆயுளையும் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

மட்டாஞ்சேரியைச் சேர்ந்த ஒரு அம்மா தன் பத்திரத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். அதைப் படித்தது மறக்கவில்லை. நான்கு எல்லையும் அடி அங்குலம் பிசகாமல் எழுதியிருந்தது. மேற்கே போகும் நடைபாதையின் அகலம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பழைய உரிமை கூட விடாமல் எழுதப்பட்டிருந்தது. "சினேக வாத்சல்யத்தால்" மகனுக்குக் கொடுப்பதாகவும் இருந்தது. அந்த அம்மா இனி எந்த அறையில் படுப்பார், யார் சோறு போடுவார், ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார் என்பதற்கு நான்கு பக்கத்திலும் ஒரு வரி இல்லை. அவர் என்னிடம் வந்தபோது மகள் வீட்டில் இருந்தார்.

இந்த ஒரு வரியின் மதிப்பு என்ன என்பதைப் பற்றித்தான் நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கேரளத்தில் 2008இல் அமலானது. அதன் 23ஆம் பிரிவு சொல்வது இது: அறுபது வயது நிறைந்த ஒருவர், தன் அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாமல் விட்டால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகக் கருதப்படும். ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம்.

அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா, மனதில் இருந்தால் போதுமா? கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020இல், பத்திரத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், மகள்களுக்குச் சொத்தை விட்டுக்கொடுத்த ஒரு தாயாரின் வழக்கில், நிபந்தனை இருந்ததாகக் காட்டாத வரை 23ஆம் பிரிவு உதவாது என்றது. அந்தப் பக்கம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேறு விதமாகப் பார்த்தது. நாகப்பட்டினத்தில் மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த 87 வயதுத் தாயின் வழக்கு அது. அன்பும் பாசமும் காரணமாகக் கொடுத்தேன் என்று எழுதும்போதே, கடைசிவரை பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம். ஆர்.டி.ஓ. செய்த ரத்து நிலைத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2025 ஜனவரி 2 அன்று, மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று கூறி வீட்டை அவரிடமே திருப்பிக் கொடுக்க வைத்தது. அந்தத் தாயிடம் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. பராமரிக்காவிட்டால் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்தது அது.

சென்னைத் தீர்ப்பு எனக்குப் பிடித்த தீர்ப்பு. நம் ஊர்த் தாய்மார்கள் எந்த மனதோடு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நாம் இருப்பது பெரியாற்றங்கரையில். இங்கே முழு அமர்வின் சொல்தான் ஆர்.டி.ஓ. மேஜையில் முதலில் எடுக்கப்படும். அதனால் கட்டாயம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தால் இரண்டு விஷயங்கள் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஒன்று, கணவன் மனைவி இருவரும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும், வாடகை வந்தால் எடுக்கவும் உரிமை. இருவர் பெயரும் வேண்டும். கணவர் பெயரை மட்டும் எழுதிவிட்டால் அவருக்குப் பின் மனைவிக்குப் பிடிமானம் இல்லை. இரண்டு, உணவு, உடை, மருந்து, கவனிப்பு எல்லாம் கொடுப்பதே இந்தக் கொடையின் நிபந்தனை என்றும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்றும் தெளிவான வாசகம். ஆதாரம் எழுதுகிறவர் "அதெல்லாம் எதுக்கு, வீட்டுக்குள்ள விஷயம்தானே" என்பார். மகன் முகம் சுளிப்பார் என்று உங்களுக்கே கூச்சமாக இருக்கும். கூச்சப்படாதீர்கள். பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது கஷ்டப்படுகிறவர்களுக்கும் வழி அடைந்துபோகவில்லை. வீடு திரும்புமா என்பது பத்திரத்தைப் பொறுத்தது. மாதச் செலவுக்குப் பணம் கேட்கும் உரிமை எந்தப் பத்திரத்தையும் பொறுத்தது அல்ல. அதே சட்டத்தின் கீழ் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாக அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். ஆலுவா, மட்டாஞ்சேரி இரண்டு ஊருக்கும் தீர்ப்பாயம் ஃபோர்ட் கொச்சி ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். ஆலுவாவிலிருந்து போகிறவர்கள் மெட்ரோவில் எறணாகுளம் வந்து, ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ பிடித்தால் முழங்கால் வலிக்காரர்களுக்கும் சிரமம் குறைவு. வெள்ளைத் தாளில் கையால் எழுதிய மனு போதும். நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதிகபட்சத் தொகை மாதம் 10,000 ரூபாய். 2007இல் வைத்த உச்சவரம்பு இன்றும் அப்படியே நிற்கிறது. ஒரு ஹோம் நர்ஸின் சம்பளத்துக்கே அது போதாது. அதை எடுத்துவிட 2019இல் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

மேஜையில் பத்திரம் விரித்த அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. மாதத் தொகை ஆணையானது. வீடு திரும்பவில்லை.

இனி உயில். மலையாளத்தில் ஒஸ்யத்து என்பார்கள். இதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். ஆலுவா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போக முடியாத அளவு உடம்பு முடியவில்லை என்றால், காரணம் காட்டி விண்ணப்பித்தால் அவர்கள் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக, விசாரணை என்று வந்தால் நேரில் வந்து சொல்லக் கூடியவர்களாக இருக்கட்டும். எண்பதைக் கடந்தவர்கள் தெளிந்த மனநிலையில் இருப்பதாக டாக்டரிடம் அதே நாளில் ஒரு சான்று வாங்கி உடன் வைப்பது நல்லது. சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்; கிறிஸ்தவர்கள் விஷயத்தில் அப்படிச் செய்தால் அவருக்கு எழுதிய பங்கே செல்லாமல் போகும். முஸ்லிம்கள் உயிலால் மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுக்கலாம், அதையும் வாரிசு அல்லாதவருக்கு. வாரிசுகளில் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்க மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மட்டாஞ்சேரி ராவுத்தர் குடும்பங்கள் இதை ஜமாத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறார்கள்.

உயிலின் பெரிய நன்மை, நாளைக்கு வேறு மாதிரித் தோன்றினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். அதுவரை வீடு உங்களுடையது, கரம் உங்கள் பெயரில், சாவி உங்கள் முந்தானையில். மனைவி உயிரோடு இருந்தால் "எனக்குப் பின் என் மனைவி ஆயுள்வரை அனுபவித்து, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு" என்று எழுதுங்கள். நேராகப் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டு, மனைவியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாத இந்துப் பெண் ஒருவர், கணவரும் போன பிறகு, உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவுப்படி முதலில் கணவர் வீட்டு வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பன் அதற்குப் பிறகுதான். டீச்சராக வேலை பார்த்து வாங்கிய வீடாக இருந்தாலும் அதே விதிதான். உச்ச நீதிமன்றமே 2025 நவம்பரில், இந்துப் பெண்கள் அனைவரும் உயில் எழுதி வையுங்கள் என்று வேண்டிக்கொண்டது. ஒரு நீதிமன்றம் தீர்ப்போடு சேர்த்து இப்படிக் கேட்டுக்கொள்வது அபூர்வம். தங்கை தம்பிகளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்யாமலே இருந்துவிட்ட அக்காக்கள், தங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மகளுக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்கும் உயில்தான் வழி.

எழுதாமல் போனால் என்ன? சட்டம் பங்கு பிரிக்கும். இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாய், எல்லோருக்கும் சமம். பங்கில் அநியாயம் இல்லை, சிக்கல் கையெழுத்தில். வாரிசுச் சான்றிதழில் இருக்கும் எல்லோரும் சேர்ந்தால்தான் விற்கவோ பிரிக்கவோ முடியும். ஒருவர் அபுதாபியில், ஒருவர் கோவில்பட்டியில், ஒருவர் பேசுவதில்லை என்றால் வீடு பூட்டிக் கிடக்கும். ஆலுவா கடைத்தெருவுக்குப் பின்னால் அப்படிப் பூட்டிய வீடுகளில் அரசமரம் முளைத்துச் சுவர் வெடித்திருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த ஊர்களின் பழைய ஆதாரங்களைப் படிக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அன்று ஆலுவா திருவிதாங்கூர், மட்டாஞ்சேரி கொச்சி ராஜ்யம், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் மண், சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மூன்று ஆட்சி என்பதால் மூன்று சட்டம். திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்தவ மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். கொச்சியில் 1921ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றில் ஒன்று. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகுதான், உயில் இல்லாத கிறிஸ்தவச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு வந்தது. இந்துக்களுக்கு வேறு கதை: 1976 டிசம்பர் 1 முதல் கேரளம் கூட்டுக் குடும்ப முறையையே சட்டத்தால் ஒழித்துவிட்டது. அதைக் காரணம் காட்டி, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மகள்களுக்குக் கொடுத்த பூர்விகச் சொத்து உரிமை இங்கே செல்லாது என்று நெடுநாள் வாதம் நடந்தது. செல்லும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. பாட்டி காலத்திலேயே விட்டுப்போன பங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்கள், சொத்துக்காரர் இறந்த தேதியை வைத்து ஒரு வக்கீலிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச உதவி உண்டு.

பென்ஷன் கேள்விகளும் இதோடு சேர்ந்தே வருகின்றன. "வீடு என் பேர்ல இருந்தா க்ஷேம பென்ஷன் கிடைக்காதாமே, அதனாலதான் மாத்தி எழுதுறேன்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவரும் பேச்சு இது. அங்கே மெடிக்கெய்ட் என்ற திட்டத்தில் முதியோர் இல்லச் செலவை அரசு ஏற்க, சொத்து ஒரு அளவுக்குமேல் இருக்கக் கூடாது. அதனால் வீட்டை முன்கூட்டியே மாற்றி எழுதுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் கடைசி அறுபது மாதத்தில் என்ன கொடுத்தீர்கள் என்றும் தோண்டிப் பார்க்கிறார்கள். இங்கே விதி வேறு. கேரளத்தின் முதியோர் பென்ஷனுக்கு அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சொந்தமாக மூன்று சென்டில் வீடு இருப்பது குற்றமல்ல. பென்ஷனுக்காக வீட்டை எழுதிக் கொடுப்பது, இருப்பதையும் இழக்கும் வேலை.

தொகை 2025 நவம்பர் முதல் மாதம் 2,000 ரூபாய். அதற்கு முன் 1,600. இதில் மத்திய அரசின் முதியோர் திட்டப் பங்கு 200 ரூபாய், எண்பது கடந்தவர்களுக்கு 500. மற்றதெல்லாம் மாநிலம் போடுவது. விண்ணப்பம் ஆலுவாவில் நகரசபைக்கு, மட்டாஞ்சேரியில் கொச்சி மாநகராட்சிக்கு. விதவைப் பென்ஷன், ஐம்பது வயது கடந்த திருமணமாகாத பெண்களுக்கான பென்ஷன் என்று தனித்தனியாக உண்டு. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய். ஊரில் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதே, அங்கேயும் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. ஆதாரில் பிடிபட்டால் இரண்டும் நின்று, வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இங்கேதான் இருக்கப் போகிறீர்கள் என்றால் கார்டையும் இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை மஸ்டரிங் என்று ஒன்று. உயிரோடு இருப்பதை அக்ஷயா கேந்திரத்தில் கைரேகை வைத்து நிரூபிக்க வேண்டும். அங்கே 30 ரூபாய். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வந்து எடுத்தால் 50. தோபிகானாவில் நாற்பது வருடம் சோப்பிலும் காரத்திலும் கை ஊறிய ஒருவரோடு நான் போயிருந்தேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. பென்ஷன் போய்விட்டது என்று அவர் கிளம்பிவிட்டார். கண் விழி ஸ்கேன் எடுக்கலாம். அதுவும் பிடிக்காவிட்டால் நகரசபையிலோ மாநகராட்சியிலோ ஆயுள் சான்று கொடுத்தால் போதும். இரண்டும் விதியிலேயே இருக்கின்றன. இது தெரியாமல் கவுண்டரிலிருந்து திரும்பிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு விரல் பதியாததற்கு யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

பென்ஷன் பாக்கி விழும்போது கேட்பது தவறல்ல என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2023 நவம்பரில் அடிமாலியில் மறியக்குட்டி என்ற 87 வயதுப் பெண், மாதக்கணக்கில் பென்ஷன் வராததால் சட்டியோடு தெருவில் இறங்கிப் பிச்சை கேட்டுப் போராட்டம் நடத்தினார். அவருக்கு நிலபுலன் இருக்கிறது என்று பொய்ச் செய்தி வந்தது. வில்லேஜ் ஆபீஸில் போய் எனக்கு நிலமே இல்லை என்று சான்று வாங்கிக் காட்டினார். உயர் நீதிமன்றம் வரை போனார். அவர் அரசியல் எதுவானாலும் இருக்கட்டும். அந்த வயதில் ஒருவர் கேட்டதால் மாநிலம் முழுக்க அந்தப் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டி வந்தது.

ஃபாக்ட் போன்ற கம்பெனிகளில் இருந்து இ.பி.எஸ். பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆயுள் சான்றை இப்போது எந்த மாதமும் கொடுக்கலாம், ஒரு வருடம் செல்லும். கணவருக்குப் பின் மனைவிக்குப் பாதி வரும் என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. ஆலுவா, கொச்சி நகர எல்லைக்குள் அறுபத்தைந்து கடந்தவர்களுக்கு வயோமித்ரம் நடமாடும் கிளினிக்கில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இலவசம். வார்டு கவுன்சிலரிடம் கேட்டால் எந்தக் கிழமை எங்கே வரும் என்று சொல்வார்.

வங்கி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் கலைக்க வேண்டும். நாமினி என்றால் பணம் அவருக்குச் சொந்தம் என்று நினைக்கிறார்கள். இல்லை. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்.  ஷேர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023இல் இதைச் சொன்னது. அதனால் உயிலில் ஒருவர் பெயரும் நாமினியில் வேறு பெயரும் இருந்தால் சண்டை நிச்சயம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை, ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று போடலாம். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் அம்மா பெயர் நாமினியாக இருந்து, அம்மா காலமாகிப் பல வருடம் ஆகியும் மாற்றாமல் விட்ட கணக்குகளை வேலையில் இருந்தபோது எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்பா எந்தெந்த வங்கியில் போட்டார் என்றே தெரியாத பிள்ளைகள் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் தேடலாம். பத்து வருடம் யாரும் தொடாத கணக்குகள் அங்கே வரும்.

பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துவிட்டேன், இனி கவலையில்லை என்பவர்களுக்கு: கொடுத்தவர் இறந்தால் அது முடிந்துவிடும். மறதி நோய் முற்றி, புரிந்து முடிவெடுக்கும் நிலை போய்விட்டாலும் முடிந்துவிடும். எந்த நாளுக்காக அதைக் கொடுத்தீர்களோ அந்த நாளில் அது உதவாது. நினைவில்லாமல் கிடப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வழிமுறை வகுத்திருக்கிறது, ஆனால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். வைத்தியச் செலவுக்கான கணக்கையாவது கணவன் மனைவி இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக இன்றே மாற்றிக்கொள்வது எளிது. வென்டிலேட்டரில் வைத்து இழுத்தடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும்.

பிள்ளைகளாக இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மா அப்பாவிடம் வீட்டை இப்போதே எழுதித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர்களாகவே தருகிறேன் என்றாலும், உங்கள் பெயரில் பதியும் பத்திரத்தில் அவர்களுடைய ஆயுள் உரிமையை நீங்களே எழுதச் சொல்லுங்கள். நாங்கள் வளர்ந்த வீடுகளில் மரணத்தைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று வாயை அடைத்துவிடுவார்கள். உயில் எழுதியதால் யாருக்கும் ஆயுள் குறைந்ததில்லை.

ஆலுவா, மட்டாஞ்சேரி பக்கம் இருப்பவர்கள் என்னிடம் வரலாம், காசு வேண்டாம். அவசர உதவி வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567. ஆனால் ஒன்று, பத்திரத்தைப் பதிவதற்கு முன்னால், வரைவாக இருக்கும்போதே கொண்டுவாருங்கள். பதிந்த பிறகு வந்தால் என்னால் மட்டுமல்ல, பெரிய வக்கீலாலும் செய்ய முடிவது மிகக் குறைவு.